பெயர் பொறித்த கல்

நவம்பர் மாதம் இறந்தோரை நினைக்கும் மாதம். கல்லறைத் திருநாளன்று நம் சிற்றூர்களின் கல்லறைத் தோட்டங்கள் புதுக்கோலம் கொள்கின்றன. புல் செதுக்கி, சரிந்த மேட்டுக்கு மண் அணைத்து, சுண்ணாம்பு பூசி, சாமந்தி மாலை சூட்டி, மெழுகுதிரி ஏற்றிவைத்துக் குருவானவர் வந்து மந்திரிப்பதற்காக மக்கள் காத்திருக்கின்றனர். அங்குள்ள கல்லறைகளுள் பெரும்பாலானவை சொந்த வீட்டில், உற்றார் சூழ்ந்திருக்க உயிர் நீத்தோருடையவை. சில ஊர்களில் வேறு வகையான கல்லறை ஒன்றும் இருக்கும். அதில் பெயருக்குக் கீழே படைப்பிரிவும், வீரனின் எண்ணும், அவ்வூரார் எவரும் கண்டிராத ஒரு மலையின் பெயரோ எல்லையின் பெயரோ எழுதப்பட்டிருக்கும். போரில் மாண்ட படைவீரன் ஒருவனின் கல்லறை அது.

சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் இத்தகைய கல்லறை அரிது. அதற்குக் காரணம் உண்டு. போர்க்களம் தொலைவில் இருக்கிறது. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் மாண்ட நம் வீரர்களுள் மிகப் பலர் களத்தின் அருகிலேயே எரிக்கப்பட்டனர் அல்லது புதைக்கப்பட்டனர். வீட்டுக்கு வந்தவை ஒரு தந்தியும் ஒரு பெட்டியும்தான். 1999-ஆம் ஆண்டின் கார்கில் போரின்போதுதான் மாண்டோரின் உடல்களைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் பரவலாயிற்று. ஆகவே, படைவீரனின் உடலை ஏற்று அடக்கம் செய்யும் பொறுப்பு நம் சிற்றூர்களுக்குப் பெரும்பாலும் அண்மைக் காலத்தில் வந்ததே. ஆனால், அவனுடைய நினைவை ஏற்கும் பொறுப்போ மிகப் பழையது. அதை அறிய நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. தருமபுரி மண்ணிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் அது. அவன் மாண்டபோது ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 232-ஆம் பாடலாக இடம்பெற்றுள்ளது. அதியமானுக்கு நட்ட கல்லில் மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் படைக்கின்றனர். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு படையலைக் கொள்வானோ என்று புலவர் கலங்குகிறார். மன்னனுக்குக் கல் நடப்பட்டதில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பின்னர் வருகிறது. இம்மண்ணில் இன்று நமக்குக் கிடைத்துள்ள நடுகற்களுள் பெரும்பாலானவை மன்னருக்கு உரியவை அல்ல; எளிய சேவகருக்கும் ஊர்க்காவலருக்கும் உரியவை.

தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் காணப்படும் நிலப்பகுதி இது. தருமபுரி, 2004-ஆம் ஆண்டில் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி, அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் ஆகிய பகுதிகளில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் அவை நின்றுகொண்டிருக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில், அறிஞர் இரா. நாகசாமி தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த காலத்தில், இக்கற்கள் முறையாகத் தேடிப் படிக்கப்பட்டு நூல்களாக வெளியிடப்பட்டன. பல கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், சோழர் என ஆட்சிகள் மாறிமாறி வந்த நிலம் இது. ஆட்சி மாறியபோதும் கல் நடும் வழக்கம் மாறவில்லை.

கல் நடுவது திடீரென்று செய்யும் செயலன்று. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொள்ளும் தொடக்கச் சடங்கு, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. ஊர் கூடிச் செய்யும் செயல் என்பது இதனால் தெளிவாகிறது. கல்லில் வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். ஒரு கையில் வில், மறு கையில் வாள். சில கற்களில் உடலில் தைத்து நிற்கும் அம்புகள். காலடியில் கிண்டியும் சிமிழும். பழைய கற்களில் எழுத்து வட்டெழுத்து.

அவ்வெழுத்து என்ன சொல்கிறது? அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன நாட்டைச் சேர்ந்த இன்ன ஊரில், இன்னாருடைய சேவகனாகிய இன்னான், தொறு மீட்டுப் பட்டான். அவனுடைய கல் இது. தொறு என்பது ஆநிரை. ‘பட்டான்’ என்பது மாண்டான் என்னும் பொருளது. நிலத்தில் விளைச்சல் குறைந்த, மேய்ச்சலை நம்பி வாழ்ந்த அம்மக்களுக்கு மாடே செல்வம். மாட்டைக் கவர்வது போரின் தொடக்கம். மீட்பது ஊரின் உயிர்ப்பிரச்சினை. அதில் மாண்டவனின் பெயரை ஊர் கல்லில் எழுதிவைத்தது. முதல் வரியில் அரசனின் பெயர் இருக்கும். ஆனால் அரசனின் பெயர் காலத்தைக் குறிப்பதற்கே பயன்படுகிறது. கல் யாருக்காக நடப்பட்டதோ அவன் ஒரு சேவகன்.

செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு கல் கிடைத்துள்ளது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தொறுப்பூசலில் மாண்ட செய்தி அதில் இருக்கிறது. அவன் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் கூறுகிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் ஒரு சிற்றூரின் நாய்க்குப் பெயர் இருக்கிறது. இச்செய்தியை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் வரும் செய்திகளோடு ஒப்பிட அது உதவும்.

பெயர் எழுதுவதோடு ஊர் நின்றுவிடவுமில்லை. மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. ‘உதிரப்பட்டி’ என்று கல்வெட்டுகள் அதைக் குறிக்கின்றன. உதிரம் சிந்தியதற்காகத் தரப்பட்ட நிலம் என்பது பொருள். நினைவு என்பது கல்லோடு முடிவதன்று, அவன் விட்டுச்சென்ற வயிறுகளையும் அது எண்ண வேண்டும் என்று அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

இப்பொழுது பல நூற்றாண்டுகளைக் கடந்து, இதே நிலத்தில் நடந்த வேறொரு போருக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதி பாராமகால் எனப்பட்டது. ஐதர் அலியும் அவருக்குப் பின் திப்பு சுல்தானும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு பொருத களங்களுள் இது முதன்மையானது. 1791-இல் இராயக்கோட்டை கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் என்னும் தளபதி கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனிக்குச் சென்றது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கு வரிவசூல் நிர்வாகம் நடத்தினர்.

அப்போர்களில் மாண்டோர் யார்? இரு தரப்பிலும் மிகப் பெரும்பாலோர் இந்நாட்டு மக்களே. கம்பெனியின் சிப்பாய்கள் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மைசூர்ப் படையினரும் அவ்வாறே இந்நாட்டவர். ஆனால் அவர்களுடைய பெயர் எங்கே? 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி சென்னை மாகாணத்தின் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மிகுந்த உழைப்பில் உருவான அந்நூலைப் புரட்டினால் ஐரோப்பியத் தளபதிகள், அவர்களுடைய மனைவியர், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் பெயர்களைக் காணலாம். அவர்களோடு நடந்து, அவர்களுக்கு முன்னே கோட்டைச் சுவரில் ஏறி மாண்ட சிப்பாய்க்குக் கல் இல்லை; ஆதலால் தொகுப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் சேவகனுக்குக் கல் நட்ட அதே மலைச்சாரலில்தான் இது நிகழ்ந்தது. கூலிக்குப் படையில் சேர்ந்து, ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று மாண்டவனை அறிந்த ஊரார் அருகில் இல்லை. அருகில் இருந்த அதிகாரி அவனை அறிந்திருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இக்குறையை நீக்கப் பெருமுயற்சி ஒன்று தோன்றியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917 மே மாதத்தில், பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. இன்று அது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் எனப்படுகிறது. தளபதி, சிப்பாய் என்ற வேறுபாடின்றி, செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி, இன மத வேறுபாடின்றி மாண்டோர் அனைவரும் ஒரே வகையில் நினைவுகூரப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. ஒரே அளவிலான வெண்கற்கள் அதன் அடையாளம். வெளிநாட்டில் மாண்டோரின் உடலைத் தாயகம் கொண்டுவருவது 1915-இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையின் உடல் மட்டும் ஊர் திரும்புவது முறையன்று என்ற எண்ணமும் அத்தடைக்குத் துணைநின்றது. தாயகத்து மருத்துவமனைகளில் மாண்டோரை மட்டும் குடும்பத்தார் தம் ஊர்க் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். பிரிட்டனில் இவ்வாணையத்தின் பொறுப்பிலுள்ள கல்லறைகள் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சிதறிக் கிடப்பது இதனால்தான். அந்நாட்டின் மிகச் சிறிய ஊர்க் கோவிலிலும் இரண்டு மூன்று வெண்கற்களைக் காணலாம்.

நம் நாட்டில் சென்னை நந்தம்பாக்கத்தில் இவ்வாணையத்தின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் கிடந்த உடல்கள், நிலையாகப் பராமரிக்க இயலாது என்ற காரணத்தால், தோண்டி எடுக்கப்பட்டு அங்குக் கொண்டுவரப்பட்டன. முதல் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவின் பல்வேறு கல்லறைத் தோட்டங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய கல்லறைகளை என்றென்றும் காப்பது இயலாதெனக் கருதப்பட்டதால் பெயர்களை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தனர். கல்லறை அழிந்தாலும் பெயர் அழியக் கூடாது என்ற அக்கறையை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்த அக்கறை எல்லார்க்கும் சமமாகக் கிடைத்ததா? முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். மெசபொட்டேமியா எனப்பட்ட இன்றைய ஈராக்கில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காகப் பாஸ்ராவில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் உள்ளன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உள்ளன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். அந்தச் சின்னம் 1997-இல் பாலைவனத்துக்கு இடம் மாற்றப்பட்டது. சமமாக நினைவுகூர்வோம் என்ற கொள்கை கடல் கடந்தபோது இவ்வாறு சுருங்கியது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆணையமே தன் பழைய ஏடுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நம் ஊர்களிலும் இதன் நிழல் விழுந்துள்ளது. போர் முடிந்த பின்னர், மிகுதியான ஆட்களை அனுப்பிய ஊர்களில் அரசு கற்பலகை பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றனர். அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அதன் வாசகம். முன்னாள் சென்னை மாகாணத்தின் சிற்றூர்களில் இத்தகைய பலகைகளை இன்றும் காணலாம். போனவர் எண் உண்டு, மாண்டவர் எண் உண்டு, பெயர் இல்லை. அவ்வூரின் கிழவிக்கு அந்த எண்ணுள் ஒன்று தன் மகன் என்று தெரிந்திருக்கும். அவள் மறைந்தபின் அந்த எண் எண்ணாகவே நின்றுவிடும். பல்லவர் காலத்துச் சிற்றூர் தன் நாயின் பெயரை எழுதிவைத்ததையும், உலகை ஆண்ட பேரரசு தன் சிப்பாயின் பெயரை எழுதாமல் விட்டதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

முன்னோர் எல்லாரும் நல்லவர், பின்வந்தோர் தீயவர் என்று கூறுவது நம் கருத்தன்று. நடுகல்லின் உலகம் கொடிய உலகம். தொறு மீட்டு மாண்டவனுக்குக் கல் இருப்பது போலவே, அயலூரின் தொறுவைக் கவரச் சென்று மாண்டவனுக்கும் கல் இருக்கிறது. ஓர் ஊருக்குக் காவலன், மற்றோர் ஊருக்குக் கள்வன். இதைக் கண்டு நாம் முகம் சுளிக்கலாம். ஆயினும், அவன் செய்தது நன்றா தீதா என்று தீர்ப்பளித்த பிறகே அழுவோம் என்று எந்தத் தாயும் காத்திருப்பதில்லை. அவனை அறிந்த ஊரும் காத்திருக்கவில்லை. பெயரை எழுதி நட்டது.

திருமறையிலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில், யூதா மக்கபே போர்க்களத்தில் மாண்ட தம் வீரரை அடக்கம் செய்யச் செல்கிறார். அவ்வீரரின் ஆடைகளுக்குள் பிற தெய்வங்களின் தாயத்துகள் மறைந்திருக்கக் காண்கிறார். சட்டம் விலக்கிய குற்றம் அது. மாண்டவர் மாசற்ற வீரர் அல்லர் என்பது வெளிப்பட்டுவிட்டது. யூதா அவர்களைக் கைவிடவில்லை, அவர்களுக்காக மன்றாடுகிறார், வெள்ளிக்காசு தண்டி எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்புகிறார். இறந்தோருக்காக நாம் செய்யும் வேண்டுதலுக்கு ஆதாரமாகத் திருச்சபை காலங்காலமாகக் காட்டிவரும் இடம் இதுவே. அது போரில் மாண்டவரைப் பற்றியது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நினைவுகூர்தல் வேறு, புகழ்தல் வேறு. 1917-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அப்போரைப் பயனற்ற படுகொலை என்று கண்டித்தார். போரைப் படுகொலை என்று சொல்லவும் வேண்டும். அதில் மாண்டவனின் பெயரைச் சொல்லி மன்றாடவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இனி, கல் மட்டும் போதுமா என்பதையும் எண்ண வேண்டும். தருமபுரி வட்டாரத்தில் பல நடுகற்கள் இன்று வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. மக்கள் எண்ணெய் பூசி, மாலையிட்டு, ஆடு வெட்டிப் பொங்கலிடுகின்றனர். அவ்வழிபாடே அக்கற்களைக் காத்தது என்று சொல்வதில் தவறில்லை. வழிபாடற்ற கற்களுள் பல துவைகல்லாயின; சில சாலைப் பணியில் புதைந்தன. ஆனால் காக்கப்பட்ட கல்லிலும் பெயர் மறைந்துவிட்டது. வட்டெழுத்து வழக்கொழிந்தபின் அதைப் படிப்பார் இல்லை. எல்லாக் கல்லும் வேடியப்பன் ஆயிற்று. கல் நின்றது, படிக்கும் குரல் நின்றுபோனது. பின்னர் அறிஞர்கள் வந்து மைப்படி எடுத்துப் படித்த பிறகே அம்மனிதர்களுக்கு அவர்களுடைய பெயர் மீண்டது.

நம் கல்லறைத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். நம் தோட்டங்கள் சிறியவை. சில ஆண்டுகள் சென்றபின் பழைய குழியின்மேல் புதிய குழி தோண்டுகிறோம். மரச்சிலுவை கறையானுக்கு இரையாகிறது. சிமெண்டில் எழுதிய எழுத்து மழையில் கரைகிறது. கல்லுக்கு உறுதி குறைவு என்பதை அறிந்தே திருச்சபை வேறொரு கல்லையும் ஏற்படுத்தியிருக்கிறது. அடக்கம் முடிந்ததும் இறந்தோர் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1182-ஆம் பிரிவில் பணிக்கிறது. பங்கு அலமாரியில் இருக்கும் அந்தத் தடித்த ஏடு ஒவ்வொரு பங்கின் நடுகல். அதில் செல்வரும் வறியரும் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றனர். போர்க்கல்லறை ஆணையம் கல்லில் அடைய விரும்பிய சமன்மை அந்த ஏட்டில் ஓசையின்றி நிகழ்ந்துவருகிறது.

ஆனால் அந்த ஏட்டில் பதியப்படுவோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் மட்டுமே. உடல் திரும்பாத படைவீரனின் பெயர் அதில் ஏறுவதில்லை. அவன் பெயர் இருப்பது ஒரு பாட்டியின் நினைவிலும், தகரப் பெட்டிக்குள் இருக்கும் பழைய தந்தியிலும், சுவரில் நிறம் மங்கிய ஒரு நிழற்படத்திலும்தான். இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சம் இந்தியர் பணியாற்றினர். ஏறத்தாழ 87,000 பேர் மாண்டனர். பர்மாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் மாண்ட அவர்களைக் கண்டறிந்தோர் இன்று மிகச் சிலரே. அச்சிலரும் மறைந்தபின் எஞ்சுவது எண் மட்டுமே.

ஆகவே நம் பங்குகளின் இளையோரும் ஆசிரியர்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். நம் ஊரிலிருந்து படைக்குச் சென்று திரும்பாதோர் யார், எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எங்கு மாண்டார், பெற்றோர் பெயர் என்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளையை மட்டுமன்றி ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் எழுதலாம். அவர்கள் ஒரே அகழியில் மாண்டவர்கள். எழுதிய தாளைப் பதிவேட்டோடு சேர்த்துவைத்து, ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு படி கொடுக்கலாம். பளிங்குக் கல் நாட்டப் பொருள் இல்லையெனில் கவலையில்லை. ஆண்டுக்கொரு முறை, கல்லறைத் தோட்டத்தில் கூடும் மாலைவேளையில், அப்பெயர்களை ஒருவர் உரக்கப் படித்தால் போதும். அவ்வேளையில் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு முதியவள், தன் அண்ணனின் பெயரைப் பிறர் வாயால் கேட்பாள்.